சைலன்சரில் கூமுட்டை நாற்றம்

சிக்னலில் நிற்கும்போது காருக்குள் கூமுட்டை நாற்றம் வந்தால் முதலில் பக்கத்தில் சாக்கடை இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். அடுத்த சிக்னலிலும் அதே நாற்றம் என்றால் அது நம் வண்டியின் சைலன்சரிலிருந்து வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் சொன்னதுமே, “கேட்டலிடிக் கன்வர்ட்டர் போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்பார்கள். அந்தப் பெட்டிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சம்மதிப்பதற்கு முன் அந்த நாற்றம் எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. கச்சா எண்ணெயில் கந்தகம் உண்டு. சுத்திகரிப்பில் பெரும்பகுதியை நீக்கிவிடுகிறார்கள். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் விற்கும் பிஎஸ் 6 பெட்ரோலில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. பிஎஸ் 4 காலத்தில் இது 50 ஆக இருந்தது. மிச்சமிருக்கும் இந்தத் துளிக் கந்தகமும் போய்ச் சேரும் இடம்தான் கன்வர்ட்டர்.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களில் இது கட்டாயமானது. எஃகு உறைக்குள் தேனடை போலக் கண்கண்ணாகத் துளையிட்ட பீங்கான் கட்டி இருக்கும். துளைகளின் சுவரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களை மெல்லிதாகப் பூசியிருப்பார்கள். கார்பன் மோனாக்சைடையும், எரியாத பெட்ரோல் ஆவியையும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவது இவற்றின் வேலை. கூடவே சீரியம் ஆக்சைடும் பூச்சில் உண்டு. புகையில் ஆக்சிஜன் மிகுந்திருக்கும்போது அதைச் சேமித்து, குறையும்போது கொடுக்கும். ஆக்சிஜனோடு கந்தகத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதுதான் சிக்கல். கன்வர்ட்டர் நன்றாகச் சூடேறிய நிலையில் பெட்ரோல் அதிகமாகி ஆக்சிஜன் குறைந்தால், பிடித்து வைத்த கந்தகம் ஹைட்ரஜனோடு சேர்ந்து வெளியேறும். கூமுட்டை நாற்றம் அப்படித்தான் வருகிறது.

மலையேறும்போதோ, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஓவர்டேக் செய்த பிறகோ ஒரு நொடி வந்து போகும் நாற்றம் பழுதல்ல. புதிய காரிலும் தொடக்கத்தில் இப்படி வருவதுண்டு. நாள்தோறும், நிதானமாக ஓட்டும்போதும் வந்தால்தான் கவனிக்க வேண்டும். அப்போது கன்வர்ட்டரைவிட இன்ஜினைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்பது சரியான அளவு. எத்தனால் கலந்தால் சற்றுக் குறையும். இதைத் தாண்டிப் பெட்ரோல் பாய்வது ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை.

மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இருந்தால் ‘ஃப்யூயல் டிரிம்’ என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். மைனஸ் 10 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தால், மிகுதியான பெட்ரோலைக் குறைக்க இன்ஜினின் கணினி போராடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நல்ல பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருக்கும். எல்லாவற்றிலும் கரி அப்பியிருந்தால் கோளாறு பொதுவானது: அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர், காற்றை அளக்கும் சென்சார், அளவு மீறிய பெட்ரோல் அழுத்தம். ஒரே ஒரு பிளக் மட்டும் கறுத்திருந்தால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒழுகலாம்.

பலர் தவறவிடுவது கூலன்ட் வெப்பநிலை சென்சாரை. இன்ஜின் சூடான பிறகும் ‘இன்னும் குளிராக இருக்கிறது’ என்று அது தவறாகச் சொன்னால், கணினி விடாமல் கூடுதல் பெட்ரோல் ஊற்றும். இதைச் சோதிப்பது எளிது. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நன்கு ஓட்டிச் சூடானபின் கூலன்ட் 90 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். கன்வர்ட்டரோடு ஒப்பிட்டால் இந்த சென்சாரின் விலை மிகக் குறைவு.

பெட்ரோல் பங்க்கில் ஆட்டோ கட் ஆன பிறகும் தளும்பத் தளும்ப நிரப்பச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டிக்குள் திரவமே புகுந்துவிட்டால், அதுவும் இன்ஜினுக்குக் கூடுதல் தீனிதான்.

நாற்றம் சைலன்சர் பக்கம் இல்லாமல் பானெட் பக்கம் வீசினால் பேட்டரியைப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் 15 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் பேட்டரி அமிலம் கொதித்து இதே வாடை வரும். அங்கே ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கும் என்பதால் தீப்பொறி கூடவே கூடாது. எந்தச் சோதனையையும் மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டுச் செய்யாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அடர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது.

மூல காரணத்தைச் சரிசெய்தபின் தேங்கிய கந்தகம் வெளியேறச் சில நாள் ஆகலாம். அதன் பிறகும் ஸ்கேனரில் பி0420 என்ற குறியீடு திரும்பத் திரும்ப வந்தாலோ, கன்வர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டும்போது உள்ளே கலகலவென்று உடைந்த பீங்கான் சத்தம் கேட்டாலோ, அப்போது மாற்றுங்கள். இன்ஜினைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால், எரியாத பெட்ரோல் அதையும் உள்ளிருந்தே உருக்கிவிடும். பெட்டியைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கூமுட்டை நாற்றம் நிற்கும். நைட்ரஜன் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் மாற்றப்படாமல் பின்னால் ஸ்கூட்டரில் வருபவரின் மூச்சுக்குள் போகும்.