கூடாரம் போட்ட டாக்டர்

தொடர் – 9

ஏர்வாடியில் 2001-ல் சங்கிலியோடு எரிந்துபோன 28 மனநோயாளிகளைப் பற்றிப் போன வாரம் எழுதினேன். மறுபடி விவரிக்க மனம் வரவில்லை. இந்த வாரம் காப்பீடு என்று சொல்லியிருந்தேன். நடுவில் அமிர்தசரஸ் வந்துவிட்டது. அதை எழுதாமல் நகர முடியவில்லை.

பிரிவினை முடிந்து மூன்று வருஷம் கழித்து, 1950-ல், லாகூர் மனநல மருத்துவமனையில் இருந்த இந்து, சீக்கிய நோயாளிகளை எல்லை தாண்டி அமிர்தசரஸுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் பக்கம் இருந்த முஸ்லிம் நோயாளிகள் அங்கே போனார்கள். உருது எழுத்தாளர் மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' சிறுகதை இந்தப் பரிமாற்றத்தை வைத்து எழுதப்பட்டதுதான். அந்தக் கதையைக் கொண்டாடுகிற நாம், அதே அமிர்தசரஸ் ஆஸ்பத்திரியில் அடுத்த சில வருஷங்களில் நடந்ததைப் பேசுவதே இல்லை.

அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் வித்யாசாகர். கூட்டம் நெரிந்தது, ஆள் பற்றவில்லை. குடும்பத்தைப் பார்வை நேரத்துக்கு மட்டும் உள்ளே விடுவதுதான் அந்தக் கால மனநல மருத்துவமனைகளின் வழக்கம். வித்யாசாகர் நேர்மாறாகச் செய்தார். "விட்டுவிட்டுப் போகாதீர்கள், கூடவே தங்குங்கள்" என்று சொல்லி, ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் போட்டார். சாப்பிட வைப்பது, குளிக்க வைப்பது, ராத்திரி தூங்குகிறாரா என்று பார்ப்பது எல்லாம் வீட்டு ஆட்கள். டாக்டர் அவர்களைக் கூட்டமாக உட்கார வைத்துப் பேசுவார். இது சாபமோ ஏவலோ கிடையாது, நோய். இன்ன மருந்து, இன்ன பலன் என்பார். பக்கத்துக் கூடாரத்துப் பையன் தேறி வருவதைக் கண்ணெதிரே பார்க்கிற அம்மாவுக்குத் தன் பிள்ளைமேலும் நம்பிக்கை வரும். நோயாளி குணமாகும்போது குடும்பமும் அவரோடு சேர்ந்தே ஊர் திரும்பும். அவரைக் கைவிட அங்கே இடமே இல்லை.

கட்டடம் எழுப்பக் காசு இல்லாத இடத்தில் துணிக்கூடாரத்தால் நடந்த வைத்தியம் இது. வாரம் முழுக்க இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்திலேயே, வேலூர் பாகாயத்தில் 1957-ல் சி.எம்.சி. தொடங்கிய மனநல மையமும் வீட்டு ஆள் ஒருவர் கூடத் தங்க வேண்டும் என்பதை ஆரம்பத்திலிருந்தே முறையாக வைத்திருந்தது.

ஆனால் கூடாரத்தில் தங்கிய அந்த அம்மாவின் கூலியை யார் கொடுத்தார்கள்? எனக்கு இது உறுத்துகிறது. இன்றைக்கும் கதை அதுதான். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு வாசலில் ஒரு காலை நின்றால் போதும். மஞ்சள் பையில் பழைய சீட்டு, தீர்ந்துபோன மாத்திரை அட்டை, ஒரு பாட்டில் தண்ணீர். பக்கத்தில் யாரையும் ஏறிட்டுப் பார்க்காத மகன். மாத்திரை இலவசம்தான். அம்மாவுக்கு டவுன் பஸ்ஸும் இலவசம். ஆனால் அன்றைய நாற்று நடவோ, நூறு நாள் வேலையோ போயிற்று. மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்து வாங்க வேண்டிய நோய் இது. இரண்டு மாதம் கூலியை விட மனமில்லாமல் வராமல் போனால் மருந்து நின்றுவிடும், நோய் திரும்பும், மறுபடி படுக்கை. குடும்பத்தை நம்பி நடக்கிற வைத்தியம் குடும்பத்தின் கூலியையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

2017 மனநலச் சட்டம் இதில் பாதி தூரம் வருகிறது. அதன் 18-வது பிரிவின்படி, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். சொந்த மாவட்டத்தில் குறைந்தபட்ச வசதிகூட இல்லாமல் மாவட்டத்துக்குள் வேறிடத்தில் சிகிச்சை எடுத்தால், அந்தச் செலவும் அரசுடையது. கூலியைப் பற்றி அதில் பேச்சில்லை. ராத்திரியில் தவித்துப்போகிற வீடுகளுக்கு ஒன்று: 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

காப்பீட்டுக்கு வருகிறேன். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 21-வது பிரிவு. படுக்கையில் சேராமல், மாதாமாதம் மஞ்சள் பையோடு வந்துபோகிறவர்களுக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.