பிழைக்குள் இருக்கும் பகுத்தறிவு

ஒன்றாம் வகுப்புக் குழந்தை ‘வாட்ச்’ என்பதை ஆங்கிலத்தில் எழுத முயன்று, முதல் எழுத்தாக ‘ஒய்’யைப் போட்டால் அதைக் கவனக்குறைவு என்றுதான் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வார்கள். சிவப்பு மையால் சுழித்து, சரியான சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பிழை தர்க்கத்தோடு பிறந்தது. ‘ஒய்’ என்ற எழுத்தின் பெயரை வாய்விட்டுச் சொன்னால் அது வகர ஒலியில் தொடங்குகிறது. ‘டபிள்யூ’வின் பெயரிலோ வகரமே இல்லை. பெயரில் கேட்கும் ஒலிதான் எழுத்தின் வேலை என்று குழந்தை முடிவுகட்டியிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ரெபெக்கா டிரைமன், ஆங்கிலமே தாய்மொழியான குழந்தைகளிடமும் இதே பிழையைக் கண்டு பதிவுசெய்திருக்கிறார். 1971-இல் சார்லஸ் ரீட் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொன்னது: பள்ளிக்குப் போகுமுன் தாமாக எழுதப் பழகும் குழந்தைகள் கண்டபடி எழுதுவதில்லை, காதில் விழுவதை ஆராய்ந்து எழுதுகிறார்கள். ஸ்பெல்லிங் என்பது முதலில் செவியின் வேலை, அதன் பிறகே மனப்பாடத்தின் வேலை. மும்பைத் தமிழ்க் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறை இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடக் கூடாது.

மும்பையில் இது சின்ன விஷயமல்ல. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது; அவற்றில் தமிழும் ஒன்று. மகாராஷ்டிரத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் ஆங்கிலம் ஒன்றாம் வகுப்பிலேயே பாடமாகிவிட்டது. 2020-இல் வந்த சட்டம் மராத்தியை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கியது. ஆகவே தாராவியில் தமிழ்வழியில் படிக்கும் குழந்தை தொடக்கப்பள்ளியைத் தாண்டுவதற்குள் தமிழ், தேவநாகரி, ரோமன் என மூன்று எழுத்து முறைகளைச் சந்திக்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போகும் தமிழ்க் குழந்தைகளில் பலர், வீட்டில் தமிழ் பேசினாலும் முதலில் கையில் எடுப்பது ரோமன் எழுத்தைத்தான். இரு தரப்பும் இடறுவது ஒரே கல்லில்தான்: எழுத்தின் பெயர் வேறு, அது தரும் ஒலி வேறு.

தமிழில் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ‘ம’ என்ற எழுத்தின் பெயரே அதன் ஒலி; ‘ம’வையும் ‘ர’வையும் ‘ம்’மையும் அடுத்தடுத்துச் சொன்னால் ‘மரம்’ வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘சி, ஏ, டி’ என்று எத்தனை முறை ஒப்பித்தாலும் ‘கேட்’ என்ற ஒலி அதிலிருந்து பிறக்காது. வகுப்பே சேர்ந்து ஒப்பிக்கும்போது கற்றது போலத் தெரியும். புதிய சொல் ஒன்று வந்தால் குழந்தை திகைத்து நிற்கும். பெயரைச் சொல்லிக் கொடுப்பதோடு நில்லாமல், ‘சி’ இந்தச் சொல்லில் ‘க்’ என்று ஒலிக்கிறது, ‘டி’ இங்கே ‘ட்’ என்று ஒலிக்கிறது என்று பிரித்துக் காட்டினால், தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்த அதே திறன் இங்கும் கைகொடுக்கும். ஒரு மொழியில் சொல்லை ஒலிகளாகப் பிரிக்கத் தெரிந்தவருக்கு இன்னொரு மொழியிலும் அது உதவும் என்பதை, அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் முதல் வகுப்புக் குழந்தைகளிடம் நடத்தி 1993-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆங்கிலத்தில் ஒழுங்கே கிடையாது, மனப்பாடம் தவிர வழியில்லை என்பது வழக்கமாக எழும் மறுப்பு. அது கடினமான மொழி என்பது உண்மைதான். 2003-இல் வெளியான ஐரோப்பிய ஒப்பாய்வில், முதல் வகுப்பு முடிவில் ஃபின்னிஷ், கிரேக்கக் குழந்தைகள் பழகிய சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகப் படித்தார்கள். ஆங்கிலம் கற்ற ஸ்காட்லாந்துக் குழந்தைகள் சுமார் 34 சதவீதமே படித்தார்கள். ஆனால் கடினம் என்பதும் ஒழுங்கின்மை என்பதும் ஒன்றல்ல. 1966-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்களைக் கணினிக்குக் கொடுத்து, ஒலி விதிகளை மட்டும் வைத்து எழுதச் செய்தார்கள். ஏறக்குறையப் பாதி முழுமையாகச் சரியாக வந்தது. மீதியில் பெரும்பகுதி ஒரே ஓர் ஒலியில்தான் தவறியது. ஒலி கைவிடும் இடங்கள் பலவற்றில் பொருள் கைகொடுக்கிறது. ‘சைன்’ என்ற சொல்லில் கேட்காத ‘ஜி’, ‘சிக்னேச்சர்’ என்னும்போது கேட்கிறது. இரண்டும் ஒரே குடும்பம் என்று தெரிந்த குழந்தை அந்த ‘ஜி’யை மறக்காது. டெரெசினியா நூனெஸும் பீட்டர் பிரயண்டும் செய்த ஆய்விலும் இந்த வளர்ச்சி தெளிவாகத் தெரிகிறது. இறந்தகால வினையின் ஈற்றைக் குழந்தைகள் முதலில் கேட்டபடி ‘டி’ ஒலிக்குரிய ஒற்றை எழுத்தால் எழுதுகிறார்கள். பிறகு ‘இ, டி’ என்ற ஈற்றைக் கண்டுகொண்டு ‘சாஃப்ட்’ போன்ற, வினையே அல்லாத சொற்களுக்கும் போட்டுவிடுகிறார்கள். அதன் பிறகே இலக்கணம் அறிந்து சரியான இடத்தில் வைக்கிறார்கள். நடுவில் வரும் பிழை பின்னடைவு போலத் தோன்றினாலும் உண்மையில் முன்னேற்றம்.

பிழையாக எழுத விட்டால் அதுவே படிந்துவிடாதா என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. திருத்தமே இல்லாமல் விட்டால் படியக்கூடும். ஆனால் கனடாவில் ஜீன் உலெட், மொனிக் செனெஷல் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மழலை வகுப்புக் குழந்தைகள் தாமாக எழுத, ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே செல்லும் அளவுக்கு மட்டும் திருத்தம் தரப்பட்டது. அவர்கள் புதிய சொற்களைப் படிக்கக் கற்பதில் மற்றவர்களை விஞ்சினார்கள். பயன் தந்தது சுதந்திரமும் திருத்தமும் சேர்ந்த முறை. பத்து முறை எழுதும் இம்போசிஷனில் இந்த இரண்டுமே இல்லை.

மூன்று எழுத்து முறைகள் பிஞ்சு மூளைக்குச் சுமை என்பது இன்னொரு மறுப்பு. ஆனால் ஒன்றில் இல்லாததை இன்னொன்று தருகிறது. ‘பாட்டு’, ‘பஸ்’ இரண்டுக்கும் தமிழில் ஒரே ‘ப’தான், தேவநாகரியில் அந்த இரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. மராத்தி வகுப்பில் அந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்ட குழந்தைக்கு ஆங்கிலத்தின் ‘பி’ இரண்டையும் பிரித்தறிவது எளிதாகும். எங்கே செவி உதவாது என்பதையும் ஆசிரியர் முன்கூட்டியே அறியலாம். இந்திய உச்சரிப்பில் ‘வி’யும் ‘டபிள்யூ’வும் பெரும்பாலும் ஒரே வகரமாக ஒலிப்பதால், அந்தச் சொற்களைத்தான் கண்ணால் பார்த்து நினைவில் வைக்க வேண்டும். மனப்பாடத்தின் இடம் அதுதான்.

கைப்பேசியே திருத்தித் தரும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஒரு சொல்லை எழுதவைக்கும் அறிவும் அதைத் தயங்காமல் படிக்கவைக்கும் அறிவும் வேறுவேறல்ல. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பிடிபடாதவர், கருவி நீட்டும் நான்கு சொற்களில் எது தனக்குரியது என்று தேர்வதிலும் தடுமாறுவார். ஆகவே தாராவியிலோ செம்பூரிலோ ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியருக்குத் தர வேண்டிய பயிற்சி, டிக்டேஷன் நோட்டில் மதிப்பெண் போடுவதோடு முடியக் கூடாது. எந்த ஒலியைக் குழந்தை தவறவிட்டது, எதைத் தமிழிலிருந்து கொண்டுவந்தது, எந்த விதியைப் புதிதாகக் கண்டுபிடித்து எல்லை மீறிப் பயன்படுத்தியது என்று அந்தப் பிழைகளை வகைபிரிக்க அவருக்குக் கற்றுத் தர வேண்டும். அது தெரிந்த ஆசிரியரால், அடுத்த நாள் எந்தக் குழந்தைக்கு எதைச் சொல்லித் தர வேண்டும் என்பதை அந்த நோட்டிலிருந்தே முடிவுசெய்ய முடியும்.