பயிர் காக்கும் துவக்கு: விசையின் பாரம் எவ்வளவு இருத்தல் வேண்டும்?

பெரும்போக வேளாண்மை குடலைப் பருவத்தை அடைந்ததும் கமக்காரருக்கு உறக்கம் குறைகின்றது. தம்பலகாமம், கந்தளாய், மூதூர், கிண்ணியா, வெருகல் ஆகிய இடங்களின் வயல்களிலே ஓரிரவு பன்றிக் கூட்டம் இறங்கினால், பல மாத உழைப்பு விடியுமுன் சேறாகிவிடும். குச்சவெளிப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்கும் இவ்விடர் உண்டு. ஆதலால், அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்குடன் காவற்குடிலில் இரவைக் கழிக்கும் கமக்காரர் எமது மாவட்டத்திற் பலர்.

துவக்கை வாங்கும்போது குழலின் நீளத்தையும் விலையையும் விசாரிக்கின்றோம். அதன் விசைவில் எவ்வளவு பாரத்தில் இழுபடுகின்றது என்று கேட்பவர் மிகச் சிலரே. பன்றிக்குக் குறி தவறுவதும், பக்கத்து வரம்பில் நிற்கும் அயலவர் காயமுறுவதும் இந்தச் சிறு இரும்புத் துண்டினால் நேரக்கூடும். எனவே இதனை ஒவ்வொரு கமக்காரரும் அறிந்திருத்தல் அவசியம்.

விசையின் பாரம் என்பது யாது?

துவக்கின் குதிரையைப் பின்னிழுத்து நிறுத்தும்போது உள்ளேயுள்ள வில் இறுகுகின்றது. குதிரையில் ஒரு சிறு வெட்டு உண்டு. அவ்வெட்டில் ஒரு கொக்கியின் நுனி பொருந்தி, குதிரையை முன்னே பாயவிடாது தடுக்கின்றது. விசைவில்லை விரலால் இழுத்தால் கொக்கி விலகும், குதிரை பாயும், வெடி தீரும். கொக்கியை விலக்குதற்கு விரல் செலுத்த வேண்டிய பாரமே விசையின் பாரம். இதனை இறாத்தலில் அளப்பது வழக்கம். ஓர் இறாத்தல் ஏறக்குறைய 454 கிராம் ஆகும்.

வெட்டின் ஆழம், கொக்கி பொருந்தும் கோணம், வில்லின் வலிமை, உராயும் பரப்புகளின் வழவழப்பு ஆகிய நான்கும் இப்பாரத்தை நிருணயிக்கின்றன.

இலேசான விசை நல்லதா?

குறிபார்த்துச் சுடும் போட்டிகளிற் பயன்படும் ரைபிள்கள் பலவற்றில் விசையின் பாரம் 2 இறாத்தலுக்கும் குறைவு. பிற நாடுகளில் மான் வேட்டைக்குச் செல்வோர் 2½ முதல் 4 இறாத்தல் வரையுள்ள விசையை விரும்புவர். இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானியப் படையினர் ஏந்திய .303 லீ-என்பீல்டு ரைபிளிலோ, விசைவில் இரு கட்டமாக இழுபடும்; வெடி தீரும் இரண்டாங் கட்டத்திற்கு 5 இறாத்தலுக்கு மேல் வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி திருகோணமலைத் துறைமுகம் வான்தாக்குதலுக்கு உள்ளான காலத்தில் அப்படையின் பொதுவான ரைபிள் அதுவே. ஓடியும் விழுந்தும் எழுந்தும் பணி செய்யும் போர்வீரனின் கையில் இலேசான விசை ஆபத்தானது என்பதே இதன் காரணம்.

வயற்காவலரின் நிலை போட்டியாளரின் நிலையன்று. போர்வீரரின் நிலைக்கே அது அண்மையானது. இருளில் வழுக்கும் வரம்பில் நடக்கின்றார். பனியில் நனைந்த விரல் மரத்துப் போகின்றது. பன்றியின் உறுமல் கேட்டதும் நெஞ்சு படபடக்கின்றது. மரத்த விரலுக்குத் தான் எவ்வளவு அழுத்துகின்றது என்பது புலனாகாது. இத்தகைய வேளையில் 2 இறாத்தல் விசை, குறி பார்க்குமுன்னரே வெடியைத் தீர்த்துவிடும்.

மிகப் பாரமான விசையும் குற்றமே. சாதாரண ஒற்றைக்குழல் துவக்கின் நிறை ஏறக்குறைய 6 இறாத்தல். விசை 8 இறாத்தலாயின், துவக்கின் நிறையிலும் மிகுந்த பாரத்தை விரல் செலுத்த வேண்டும். அப்போது குழலின் முனை அசையும். 70 சென்ரிமீற்றர் நீளமுள்ள குழலின் முனை 1 மில்லிமீற்றர் அசைந்தால், 30 மீற்றர் தூரத்திற் குறி 4 சென்ரிமீற்றருக்கு மேல் விலகும். முனை 5 மில்லிமீற்றர் அசைந்தால் விலகல் 21 சென்ரிமீற்றர். காயமுற்ற பன்றி பற்றைக்குள் ஓடி ஒளிந்து, மறுநாட் காலை வரும் மனிதர்மேற் பாய்வது இதனாலும் நேர்கின்றது.

ஆகவே பயிர்க்காவற் துவக்கிற்கு 4 முதல் 5 இறாத்தல் வரையுள்ள விசை, அதாவது 1.8 முதல் 2.3 கிலோகிராம் வரை, தக்கதாகும். 3½ இறாத்தலுக்குக் குறைந்தாலும் 7 இறாத்தலுக்கு மிஞ்சினாலும் திருத்துதல் வேண்டும். இரட்டைக்குழல் துவக்கிற் பின் விசைவில் முன்னதிலும் சற்றுப் பாரமாக இருப்பது வழக்கம். முதல் வெடியின் உதைப்பில் இரண்டாங் குழலும் சேர்ந்து வெடியாமல் இருப்பதற்கே இவ்வாறு அமைக்கின்றனர்.

வீட்டில் அளக்கும் முறை

1. துவக்கைத் திறந்து, குழலில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்க. தோட்டாக்களை வேறோர் அறையிற் பூட்டி வைக்க. பிள்ளைகளை அண்டவிடாதீர்.

2. குழல் மேல்நோக்க, சோங்கு நிலத்திற் படுமாறு துவக்கை நிமிர்த்திப் பிடித்துக் குதிரையை இழுத்து நிறுத்துக. குழலுக்கு நேரே ஒருவருடைய தலையும் இருத்தலாகாது. வெடிமருந்தில்லாப் பொய்த்தோட்டா இருப்பின் அதனை இட்டு அளத்தல் துவக்கின் ஊசிக்கு நன்று.

3. மீன் நிறுக்கும் விற்றராசின் கொளுக்கியை விசைவில்லில் விரல் படும் இடத்தில் மாட்டி, சோங்கின் பக்கமாக நேரே கீழ்நோக்கி மெதுவாக இழுக்க. குதிரை விழும் கணத்தில் தராசு காட்டும் நிறையை மற்றொருவர் குறித்தல் வேண்டும்.

4. ஐந்து முறை அளந்து சராசரி காண்க. உதாரணமாக 4¾, 5, 4½, 5, 4¾ எனக் கிடைத்தால், கூட்டுத்தொகை 24, சராசரி 4.8 இறாத்தல். இது நல்ல விசை. ஒரு முறை 3, மறுமுறை 5 என மாறி வந்தால், சராசரி சரியாயினும் உள்ளே பழுதுண்டு.

5. ஈற்றில், வெறுந் துவக்கின் குதிரையை இழுத்து நிறுத்தி, சோங்கைப் பாய்மேல் இலேசாகத் தட்டுக. குதிரை தானே விழுந்தால் அத்துவக்கைத் திருத்தும்வரை வயலுக்குக் கொண்டு செல்லாதீர்.

விற்றராசு இல்லாதவர், விசைவில்லிற் கம்பிக் கொளுக்கியொன்றை மாட்டி, அதில் ஒரு பையைத் தொங்கவிட்டு, குதிரை விழும்வரை சிறிது சிறிதாக மணல் இடலாம். பின்னர் அப்பையைக் கடைத் தராசில் நிறுத்தால் விசையின் பாரம் தெரியும். இம்முறைக்குப் பை நிலத்திற் படாதவாறு சோங்கை ஒரு மேசை விளிம்பில் நிறுத்திக்கொள்க.

அரம் எடுக்காதீர்

விசை பாரமாயிருப்பின் முதலிற் சுத்தம் செய்க. எமது கடற்கரைப் பகுதியின் உப்புக்காற்று இரும்பை விரைவிற் துருப்பிடிக்கச் செய்யும். துருவினால் விசை கரடுமுரடாகும். வயற்சேறு வெட்டினுள் இறுகினால் கொக்கி முழுதும் பொருந்தாது நுனியில் மட்டும் நிற்கும். சிறு அதிர்விலேயே நழுவும். துவக்கிற்குரிய மெல்லிய எண்ணெயைச் சில துளிகள் மட்டும் இடுக. சமையல் எண்ணெய் நாளடைவிற் பிசினாகிவிடும்.

சுத்தம் செய்த பின்னும் குறை நீங்காதாயின், அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநரிடம் கொடுக்க. கொக்கியை வீட்டில் அராவுதல் கூடாது. பல துவக்குகளில் அதன் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். அம்மெல்லிய படை நீங்கினால் உள்ளிரும்பு விரைவிற் தேய்ந்து, இன்று 4 இறாத்தலாக இருந்த விசை சில மாதங்களில் 2 இறாத்தலாகக் குறையலாம்.

கட்டுத்துவக்கு

விசையை மனித விரலிடமிருந்து பிரித்துக் கம்பியிற் கட்டுவதே கட்டுத்துவக்கு. அதற்குப் பன்றியும் மனிதனும் ஒன்றே. பன்றியின் உயரத்திற்குக் கட்டப்படுவதால் மனிதருக்குப் பெரும்பாலும் காலிலேயே காயம் படுகின்றது. விறகுக்கும் தேனுக்கும் சென்றவரும், தம் வயலுக்கு நீர் பார்க்கச் சென்றவரும் இவ்வாறு காலிழந்துள்ளனர். கால் இழந்த கமக்காரர் எவ்வாறு உழுவார்? இது சட்டத்திற்கு விரோதமானது. ஆதலின், எந்தக் காரணத்திற்காகவும் இதனைக் கட்டாதீர்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கு வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனை ஆண்டுதோறும் தவறாது புதுப்பிக்க. யானை, மான், மரை ஆகியவை 1937ஆம் ஆண்டின் விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் காக்கப்பட்டவை, அவற்றைச் சுடலாகாது.

பரணில் ஏறும்போதும் வேலி கடக்கும்போதும் தோட்டாவை வெளியே எடுத்துவிடுக. விளக்கொளியில் விலங்கை முழுதாகக் காணும்வரை விரல் விசைவில்லைத் தீண்டலாகாது. ஒலியை நோக்கிச் சுடாதீர். அவ்வொலி அயல் வயற்காவலரின் காலடியாகவும் இருக்கலாம். இரவுக் காவலுக்குச் செல்லுமுன் எந்த வரம்பில் எவர் இருப்பார் என்பதை அயலவருடன் பேசி வைத்துக்கொள்க.

விதைப்புக்கு முன் ஏரைப் பார்க்கின்றோம். அறுவடைக்கு முன் அரிவாளைத் தீட்டுகின்றோம். அவ்வாறே பயிர் குடலையாகுமுன் ஒரு பகற்பொழுதில் துவக்கின் விசையையும் நிறுத்துப் பாருங்கள். அதற்கு அரை மணி நேரம் போதும்.