உங்களுக்குத் தெரியுமா? ஏழைப் பிள்ளைக்கு இரண்டு அளவுகோல்!

மயிலாப்பூர் தனியார் பள்ளியில், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் நலிவடைந்த பிரிவினராக இடம் கேட்டால், ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்று சான்றிதழ் வேண்டும். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடோ வருமானத்தையே கேட்பதில்லை. ஊட்டச்சத்து, கழிப்பறை, சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு என்று 12 அம்சங்களைப் பார்க்கிறது. எட்டாம் வகுப்பு முடிக்கும் வயதுக்குள் வீட்டில் ஒரே ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டாலும், குடும்பம் முழுவதற்கும் ஆறில் ஒரு பங்கு 'குறை' விழும். மொத்தக் குறை மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால்தான் ஏழை. ஆக, படிப்பை விட்டுவிட்டு தி.நகரில் துணி மடிக்கும் பள்ளி வயதுப் பையன் ஒருவன் என்ற குறை மட்டும் இருந்தால் அந்த வீடு ஏழைக் கணக்கில் வராது! இப்படி அளந்துதான் தமிழக வறுமை 2015-16இல் 4.76 சதவீதம், 2019-21இல் 2.20 சதவீதம். சென்னைக்காரர் கழுத்தை நெரிக்கும் வீட்டு வாடகை, அந்தப் பன்னிரண்டில் இல்லை.