தோளில் தொங்கும் அமானிதம்



கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் பெண்ணொருவரே படம் பிடிக்க வர வேண்டும் என்று விரும்பும் குடும்பங்கள் எமது ஊவாப் பகுதியில் உண்டு. பதுளையோ, பண்டாரவளையோ, வெலிமடையோ, குருத்தலாவையோ, மணப்பெண் அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அந்நிய ஆண் ஒருவர் கமெராவோடு நுழைவது எத்தனை உம்மாமாருக்குப் பிடிக்கும்? இந்தத் தேவையை உணர்ந்து கமெரா பழகிக்கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தபடி கண்ணியமாகச் சம்பாதிக்க இது நல்லதொரு வழி.

ஆனால் வீட்டாருக்கு ஒரு கவலை. இலட்சக்கணக்கில் பெறுமதியான சாமான்களைச் சுமந்துகொண்டு பிள்ளை எப்படி பஸ்ஸில் போய் வருவாள்? மழையில் நனையாதா? கூட்டத்தில் களவு போகாதா? கமெராவைப் பற்றிச் சொல்லித்தர ஆட்கள் பலர் இருக்கிறார்கள். அதைக் கொண்டுபோகும் பையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆகவே இம்மாதம் பையைப் பற்றியே எழுதுகிறேன்.

மதரஸாவில் பாடம் நடத்துபவருக்கு இதில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். படம் எடுப்பதன் சட்டத்தில் உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நான் இங்கே பேச வரவில்லை. பிறர் வீட்டுப் பெண்களின் படங்களைச் சுமந்து வருபவர் ஓர் அமானிதத்தைச் சுமந்து வருகிறார். அந்த அளவில் இது என் பாடத்துக்குள் அடங்கும்.

மலையகத்தில் ஒரு பெண் கமெரா தூக்கியது இன்று நேற்றல்ல. ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1863ஆம் ஆண்டில், தமது 48ஆவது வயதில்தான் முதன்முதலாகக் கமெராவைத் தொட்டார். 1875இல் இலங்கைக்குக் குடிவந்து, இங்குள்ள தோட்டத் தொழிலாளரையும் படம் பிடித்தார். 1879இல் மலைநாட்டிலேயே காலமானார். பொகவந்தலாவையில் அவரது கல்லறை இருக்கிறது. அந்தக் காலத்துப் படப்பிடிப்பு எப்படிப்பட்டது தெரியுமா? கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, ஈரம் காயுமுன்னரே கழுவியும் முடிக்க வேண்டும். பெரிய பெட்டிக் கமெரா, கனத்த கண்ணாடிகள், மருந்துப் போத்தல்கள், இருட்டறை என்று ஒரு வண்டிச் சாமான்! 1925இல் ஜெர்மனியில் லைக்கா என்னும் சிறிய கமெரா விற்பனைக்கு வந்தது.

1970களில் அமெரிக்காவில் 'ஃபிலடெல்பியா இன்குவைரர்' பத்திரிகையின் புகைப்படக்காரரான ஜிம் டோம்கி, தம் வேலைக்காகக் கென்வஸ் துணியில் ஒரு தோள்பையைத் தைக்க ஏற்பாடு செய்தார். விறைத்த பெட்டி போலல்லாமல் உடம்போடு ஒட்டிக்கிடக்கும் பை. பத்திரிகைக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். தோளிலிருந்து குறுக்காகத் தொங்கி, மேலே ஓர் அகன்ற மூடி விழும் இந்த வகைப் பையை இன்று மெசெஞ்சர் பை என்கிறார்கள். நம் தோட்டப்புறத்து முதியவர்களிடம் கேட்டால் வேறு பெயர் சொல்வார்கள். தபாற் கந்தோருக்கு நடந்துபோய்த் தோட்டத்துக் கடிதங்களைக் கொண்டுவரும் தப்பால்காரரின் பை! கடிதம் நனையக்கூடாது, விழக்கூடாது, பிறர் கைக்குப் போகக்கூடாது. நம் பைக்கும் அதே வேலைதான்.

முதுகில் மாட்டும் பை நல்லதில்லையா என்று கேட்கலாம். நீண்ட தூரம் நடப்பவருக்கு அதுதான் சிறந்தது; பாரம் இரு தோள்களுக்கும் பிரிந்து போகிறது. ஆனால் கல்யாண வீட்டில் அதிலிருந்து ஒரு லென்ஸை எடுக்கப் பையைக் கழற்றிக் கீழே வைக்க வேண்டும். கீழே வைத்த பையைச் சின்னப் பிள்ளைகள் திறக்கும், அதன்மேல் சர்பத் ஊற்றும், யாரோ நகர்த்தி வைப்பார்கள். குறுக்குப் பையைக் கீழே வைக்கத் தேவையே இல்லை. இடுப்புப் பக்கம் கிடப்பதை வயிற்றுப் பக்கம் இழுத்தால் அதுவே மேசையாகிவிடும்.

அதன் குறை பாரம். எல்லாம் ஒரே தோளில்! கொழுந்து பறிக்கும் பெண்களைப் பாருங்கள். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ அளவு கொழுந்து கேட்கிறார்கள். கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, பாரத்தை முதுகின் நடுவில் இருத்திச் சரிவில் ஏறி இறங்குகிறார்கள். கழுத்தும் முதுகும் படும் பாட்டை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்களுக்குத் தெரிவு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. தேவையில்லாததைத் தூக்காதீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணக் கமெரா ஒன்று ஏறக்குறைய 500 கிராம். அதோடு வரும் சிறிய லென்ஸ் 200. மங்கிய வெளிச்சத்தில் மணப்பெண்ணின் முகத்தை அழகாக எடுத்துத்தரும் 50 மில்லிமீற்றர் சிறு லென்ஸ் 160 முதல் 200 வரை. ஃப்ளாஷும் அதன் பெட்டரிகளும் அரைக் கிலோ. மேலதிகப் பெட்டரிகள், சார்ஜர், வெறும் பை, அரை லீற்றர் தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் மூன்று கிலோவைத் தாண்டும். இதற்குமேல் ஒன்றரைக் கிலோ வரை பாரமான பெரிய தூரலென்ஸ் எதற்கு? பன்னிரண்டு அடி அறைக்குள் தூரம் எங்கே இருக்கிறது?

பட்டி ஐந்து சென்ரிமீற்றராவது அகலமாக இருக்கட்டும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தோளை மாற்றுங்கள். பட்டியைப் பர்தாவின் மேலே போட்டால் ஒவ்வோர் அசைவிலும் தலைத்துணி இழுபடும், ஊசி கழன்றுவிடும். முதலில் பையைப் போட்டு, பிறகு துணியின் விளிம்பை அதன்மேல் விட்டுவிட வேண்டுமாம். இது எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில் கேட்டு எழுதியதுதான்.

இனி, உள்ளே எதை எங்கே வைப்பது? கைக்குழந்தையோடு கிளினிக்குக்குப் போகும் தாய்க்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. பாற்போத்தல் எந்தப் பக்கம், மாற்றுத்துணி எந்தப் பக்கம் என்று அவளுடைய கை அறியும். கண் பிள்ளைமேல் இருக்கும். அதே முறைதான். நடுவில் கமெரா, லென்ஸ் மாட்டியபடி, லென்ஸ் கீழ்நோக்கி. ஒரு பக்க அறையில் ஃப்ளாஷ், மறுபக்கத்தில் மற்ற லென்ஸ். இரண்டு கண்ணாடிச் சாமான்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. முன்பக்கத்து வலது பொக்கட்டில் சார்ஜ் ஏற்றிய பெட்டரி, இடதில் தீர்ந்த பெட்டரி. இதை ஒருநாளும் மாற்றாதீர்கள். சில்லறைக் காசும் திறப்பும் பெட்டரியோடு சேர்ந்து கிடக்க வேண்டாம். உலோகம் இரு முனைகளிலும் பட்டால் பெட்டரி சூடாகித் தீப்பிடிக்கவும் கூடும்.

விலை கூடிய கமெராப் பைதான் வேண்டும் என்றில்லை. உறுதியான ஒரு சாதாரணத் தோள்பையை எடுத்து, மெத்தைக் கடையில் ஒரு சென்ரிமீற்றர் தடிப்பான ஸ்பொன்ஞ் வாங்கி, மென்மையான துணியால் உறை தைத்து, அடியிலும் நாற்புறமும் வைத்து நடுவில் இரண்டு தடுப்பு விட்டால் போதும். தையல் தெரிந்த உங்களுக்கு ஒரு பின்னேர வேலை. இதில் இன்னொரு நன்மை, வெளியே பார்ப்பவருக்கு உள்ளே கமெரா இருப்பது தெரியாது. கம்பனிப் பெயர் பெரிதாகப் பொறித்த பை, களவெடுப்பவருக்கு எழுதிய அழைப்பிதழ்!

மூடிக்கு வெல்க்ரோ வைக்காதீர்கள். நிக்காஹ் குத்பா நடந்துகொண்டிருக்கும்போது 'சர்ர்ர்' என்று கிழிபடும் அந்தச் சத்தம் இருக்கிறதே... குத்பா ஓதுபவனாகச் சொல்கிறேன், பொத்தானோ கொக்கியோ போதும்.

பசறை பஸ்ஸிலோ, ஹப்புத்தளையிலிருந்து தம்பேதென்னைக்குப் போகும் பஸ்ஸிலோ ஏறியவர்களுக்கு நெரிசல் எப்படியென்று தெரியும். மேலே தட்டில் பையை வைக்க வேண்டாம்; வளைவுக்கு வளைவு அது நழுவும். நின்றாலும் இருந்தாலும் வயிற்றுப் பக்கம் அணைத்துக்கொள்ளுங்கள், மூடி உங்கள் பக்கம் திரும்பியிருக்கட்டும். ரயிலில் தெமோதரைச் சுற்றும் ஒன்பது வளைவுப் பாலமும் வரும்போது கமெராவை எடுத்துக்கொண்டு வாசலில் தொங்கும் உல்லாசப் பயணிகளைப் பார்த்துவிட்டு நீங்களும் அப்படிச் செய்யாதீர்கள்.

வழியில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கண்டவுடன் கேளாமல் படமெடுப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நம் வீட்டுப் பெண்ணை அந்நியர் படமெடுத்தால் கோபப்படுகிறோம். அவர்களும் ஒரு வீட்டுப் பெண்கள்தானே? அனுமதி கிடைக்கும்வரை பையின் மூடி மூடியே இருக்கட்டும்.

நமது பிரதேசத்தில் களவைவிடப் பெரிய பகை ஈரம். ஊவாவில் பெருமழை ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை. கென்வஸ் தூறலைத் தாங்கும், அடைமழையைத் தாங்காது. பெரிய பொலித்தீன் உறை ஒன்றை மடித்துப் பையின் அடியில் எப்போதும் வைத்திருங்கள். ஹப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே. பனிமூட்டத்தில் வெளியே படமெடுத்துவிட்டு, ஆட்கள் நிறைந்து சஹன் சோற்றின் ஆவி எழும் அறைக்குள் நுழைந்தால் குளிர்ந்த லென்ஸில் நீர் பூத்துவிடும். துடைத்தாலும் திரும்பப் பூக்கும். உள்ளே போகுமுன் கமெராவைப் பைக்குள் வைத்து மூடி, இருபது முப்பது நிமிடம் அறையின் சூட்டுக்குப் பழகவிடுங்கள். அதுவரை மணப்பெண்ணின் உம்மாவோடு பேசி, யார் யாரைப் படமெடுக்கலாம், யாரை எடுக்கக்கூடாது என்று கேட்டுக்கொள்ளலாம்.

பை பிரயாணத்துக்கு மட்டுந்தான். வீட்டில் லென்ஸை அதற்குள் வைத்துப் பூட்டாதீர்கள். ஈரம் ஏறிய துணியும் இருட்டும் பூஞ்சணத்துக்கு விருந்து. கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் படர்ந்தால் எடுப்பது கடினம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால், நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் பாவிக்கலாம். சிலர் பச்சரிசியைப் போடச் சொல்வார்கள். வேண்டாம்; அரிசித் தூள் லென்ஸின் இடுக்கில் போய்ச் சேரும்.

இத்தனையும் சொன்னது சாமான்களுக்காக. சாமான் போனால் கஷ்டப்பட்டாவது மீண்டும் வாங்கலாம். மூன்று கிலோப் பையில் வாங்க முடியாத பொருள், இரண்டு கிராம் பாரமுள்ள மெமரி கார்ட். ஒரு குடும்பத்துப் பெண்கள் உங்களை நம்பித் திரையில்லாமல் நின்ற படங்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. படம் நிறைந்த கார்டைப் பையில் போடவே கூடாது. சிறிய ஸிப் பையில் இட்டு, அபாயாவின் உட்பொக்கட்டில் உங்கள் உடம்போடு இருக்கட்டும். இரண்டு கார்ட் போடும் கமெராவானால் இரண்டிலும் பதியுங்கள். வீடு திரும்பும்போது ஒன்று கமெராவில் தங்காமல் இரண்டும் உங்களோடு வரட்டும்.

இன்னொன்று கவனியுங்கள். கார்டில் அழித்த படம் உண்மையில் உடனே அழிந்துவிடுவதில்லை. அதை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பெண்கள் படம் இருந்த கார்டை இரவல் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள். ரவுன் கொமியூனிகேஷன் கடையில் கொடுத்துப் பிரதி எடுக்கவும் வேண்டாம். கமெராவைத் திருத்தக் கொடுக்கும்போது கார்டைக் கழற்றிவிட்டே கொடுங்கள். மொத்தப் படங்களையும் குடும்பத்தாரிடம் ஒப்படைத்த பின், அவர்கள் கேட்டால் உங்களிடமுள்ள பிரதியை அழிக்கவும் தயங்காதீர்கள். படம் அவர்களுடையது.

ஒப்படைக்கும்வரை பிரதி இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அலுமாரியில் இருந்தால் பயனில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயன் வீடுகளும் மனிதர்களும் மண்ணுக்குள் போனார்கள். வீட்டோடு, சுவரில் மாட்டிய கல்யாணப் படமும் போகும். மலைச்சரிவில் வாழும் நமக்கு இது வெறும் பேச்சல்ல. ஒரு பிரதி உங்கள் வீட்டில், மற்றது கடவுச்சொல் இட்டுப் பூட்டி, நம்பிக்கையான உறவினர் வீட்டில்.

எத்தனை அசதியாக இருந்தாலும் அன்றிரவே படங்களைப் பிரதி எடுத்துவிட்டுப் படுங்கள். பிறகு பையைக் காலி செய்து, கவிழ்த்துத் தட்டி, வாய் திறந்தபடி காற்றாடத் தொங்கவிடுங்கள். உள்ளே ஒரு சிறு துண்டில் வாப்பாவின் அல்லது கணவரின் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தைத்துவிடுங்கள். பெயரும் விலாசமும் வேண்டாம், இலக்கம் போதும்.