உங்களுக்குத் தெரியுமா? – ‘உது சரிவராது’ என்றார்கள்!

யாழ்ப்பாணத்தில் புதிதாக ஏதாவது தொடங்கப் போவதாகச் சொல்லிப் பாருங்கள். “உது சரிவராது” என்பார்கள். கூடவே ஒரு காரணமும் சொல்வார்கள். அப்படிச் சொல்லப்படும் காரணத்தைக் கண்டு ஒதுங்காமல், அதையே கையில் எடுத்துக்கொண்டு முன்னே போனவர்கள் குடாநாட்டில் பலர். உங்களுக்குத் தெரியுமா...

● சீதனம் கொடுத்த பள்ளிக்கூடம்!
1824-இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கியபோது பிள்ளைகளைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. படித்த பெண்ணை யார் கட்டுவான் என்பது பெற்றோரின் கவலை. படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு அமெரிக்க மிஷனே சீதனம் கொடுத்தது! இருநூறு ஆண்டுகளைக் கடந்து உடுவில் மகளிர் கல்லூரி இன்றும் நடக்கிறது.

● உத்தியோகம் கிடைக்காத மருத்துவப் படிப்பு
1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே போனார்கள். கிராமங்களுக்கு வைத்தியர் இல்லை. 1860-களில் தமிழுக்கு மாறினார். தமிழில் படித்தால் உத்தியோகம் கிடைக்காதே என்ற தயக்கம் எழுந்தது. கிறீனுக்கு வேண்டியதும் அதுதான்: படித்தவர் ஊரிலேயே தங்கவேண்டும். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். ‘தமிழருக்கான மருத்துவ ஊழியர்’ என்று தன் கல்லறையில் பொறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம்.

● பிழை பொறுத்த பதிப்பாளர்
சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் 1857-இல் தேறியவர். பெரிய பதவிகளில் இருந்துகொண்டே, செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்தார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் 1885-இலும், கலித்தொகையை 1887-இலும் அச்சேற்றினார். பதிப்பில் குற்றம் கண்டவர்களுக்குப் பதிப்புரைகளிலேயே பதில் எழுதினார். பிழையைப் பின்னால் வருபவர் திருத்தலாம். உதிர்ந்த ஏட்டை யார் மீட்பது?

● சலூனில் பிறந்த சஞ்சிகை
சாதித் தொழிலைச் சொல்லி ஆசிரியர் ஒருவர் இகழ்ந்ததால், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட சிறுவன் டொமினிக் ஜீவா. ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுதிக்காக இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசை 1961-இல் பெற்றார். 1966-இல் ‘மல்லிகை’யைத் தொடங்கியபோது, எந்தத் தொழிலைச் சொல்லி இகழ்ந்தார்களோ அந்தத் தொழில் நடந்த சலூனே அதன் முகவரி! இதழ்களைத் தானே சுமந்துபோய் விற்றார். யுத்தத்துக்கு நடுவிலும் வந்த மல்லிகை, நானூறு இதழ்களைத் தாண்டியது.

● போனதும் வந்ததும் நீச்சலில்
தொண்டைமானாறு மு. நவரத்தினசாமி 1954-இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தனுக்கு ஒருவழி போதவில்லை. 1971-இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திப் போய், நீந்தியே திரும்பினார். எடுத்த நேரம் 51 மணித்தியாலம். ஊர் அவரை ‘ஆழிக்குமரன்’ என்றது. எல்லாக் கனவும் கரை சேர்வதில்லை என்பதும் உண்மை. 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் அவர் உயிரிழந்தார்.

● கேலி பண்ணிய உயரம்
புன்னாலைக்கட்டுவன் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 6 அடி 10 அங்குலம். சின்ன வயதில் அந்த உயரமே கேலிக்கு இலக்கானது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் வலைப்பந்தாட்டத்துக்கு வந்தார். அங்கே அந்த உயரம் எதிரணிக்கு எட்டாத பலமானது. 2011 உலகக் கிண்ணத்தில் சிறந்த ஷூட்டர் அவரே. 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து வீராங்கனைகள் எல்லாரையும் விட அதிக கோல் போட்டவரும் அவர்தான். அப்போது வயது நாற்பதைத் தொட்டிருந்தது!