15 வோல்ட் எங்கே போச்சு?

போன மாசியில் என்னோடு வேலை பார்த்த நண்பரின் மகன் ஆட்டோவில் வந்து இறங்கினான். கையில் பழைய வேட்டியில் சுற்றிய இரண்டு மூட்டைகள். "மாமா, அப்பாவோட சாமான். காயலான் கடைக்காரர் கிலோ கணக்குல கேக்கறார். நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டா தேவலை" என்றான்.

ஒன்றில் டெக்ட்ரானிக்ஸ் 465 ஆஸிலாஸ்கோப். மற்றதில் ஏவோ மீட்டர், மாடல் 8. பாலிடெக்னிக் லேபில் முப்பத்தோரு வருஷம் கருவி ரிப்பேர் பார்த்தவன் நான். கிலோ கணக்கு என்றதும் வயிற்றைக் கலக்கியது.

ஆஸ்பத்திரியில் நோயாளியின் தலைமாட்டில் ஒரு கோடு ஏறி இறங்குமே, ஆஸிலாஸ்கோப்பும் அந்த வேலையைத்தான் செய்கிறது. இதயம் நிமிடத்துக்கு எழுபது, எண்பது முறை துடிக்கும். 465-ஓ வினாடிக்கு 10 கோடி முறை துடிக்கும் மின்அலையையும் திரையில் வரைந்துவிடும். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துக் கம்பெனி 1972-இல் கொண்டுவந்த மாடல் இது. உள்ளே கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், கொஞ்சம் ஐ.சி., ஒரு படக்குழாய். அதனால்தான் இதைப் பழுதுபார்க்க முடிகிறது.

"பிளக்கைச் சொருகிப் பாக்கலாமா மாமா?"

"தொடாதே" என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போல. பையன் பின்வாங்கிவிட்டான்.

காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிக்னல் ஜெனரேட்டரை ஆசையாக எடுத்துப் பிளக்கில் சொருகினேன். முதுகுப்பக்கத்து செலக்டர் 115 வோல்ட்டில் நின்றதைப் பார்க்கவில்லை. நம் வீட்டுக் கரண்ட் 230. டிரான்ஸ்ஃபார்மர் உறுமியது, வார்னிஷ் கருகிய நாற்றம் லேப் முழுக்கப் பரவியது, அவ்வளவுதான். அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. நண்பரின் ஸ்கோப்பில் செலக்டர் 230-இல்தான் இருந்தது. கவனமான மனுஷன்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது நேராகக் கொடுக்கமாட்டேன். நம்மூர் மெக்கானிக்குகளின் சீரிஸ் லேம்ப் இருக்கிறதே, அதைவிட மலிவான காவல்காரன் இல்லை. 100 வாட் குண்டு பல்பைக் கருவியோடு தொடராகப் பூட்டவேண்டும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் பெரிய ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், கருவி பிழைக்கும். பல்பு பளிச்சென்று மின்னி மங்கிவிட்டால் அடுத்த அடி வைக்கலாம். இதில் மங்கியது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

முன்மூடியைப் போட்டு ஸ்கோப்பைக் குப்புற நிறுத்தி, பின்பக்கத்துக் கால்களின் திருகுகளைக் கழற்றினால் நீலக் கூடு தலையணை உறை மாதிரி மேலே உருவிக்கொண்டு வரும். உள்ளே கை வைக்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுவேன். படக்குழாய்க்குப் போவது ஆயிரக்கணக்கான வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் தங்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து வீரம் காட்டக்கூடாது, ரெசிஸ்டர் வைத்து வடிக்கவேண்டும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வேறெதுவும் பேசுமுன் "சப்ளையைப் பாத்தியா?" என்றுதான் கேட்பார். 465-இல் ஐந்து சப்ளைகள்: 110, 55, 15, 5, மைனஸ் 8. இவற்றில் 55 தான் குடும்பத்தலைவர். மற்றவை அதை வைத்துத்தான் தங்கள் அளவை வைத்துக்கொள்கின்றன. 55 சரியாக இருந்தது. 15 இருக்கவேண்டிய இடத்தில் 0.3.

கரண்டை நிறுத்தி அந்த 15 வோல்ட் போகும் வழிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் அளந்தேன். ஒரு ஓம்கூட இல்லை. சந்தேகம் டான்டலம் கெப்பாசிட்டர்கள் மேல்தான். கொண்டைக்கடலை அளவில், சொட்டு வடிவத்தில் இருக்கும். வயதான பின் உள்ளிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் உடைந்து நேர் ஷார்ட் ஆகிவிடும். அந்த ஒரே வழியில் இப்படிப் பல கடலைகள் இணையாகத் தொங்குகின்றன. எது குற்றவாளி? ஒவ்வொன்றாகக் கழற்றினால் போர்டில் தடம் பிய்ந்துவிடும்.

நான் செய்தது இது. மேஜை சப்ளையிலிருந்து ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக, ஒரு ஆம்பியர் மட்டும் அந்த வழியில் ஓடவிட்டேன். மீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில் நிலையாக. சிவப்பு முனையைத் தடத்தின் மேல் நகர்த்தினேன். 212 மில்லிவோல்ட். 190. 171. ஷார்ட்டை நெருங்க நெருங்க எண் இறங்கும். தப்பான கிளையில் திரும்பினால் எண் அசையாது, அந்தப் பக்கம் கரண்ட் ஓடவில்லை என்று அர்த்தம். 164-இல் நின்ற இடத்தில் ஒரு கடலை. விரல் வைத்தேன். லேசான சூடு. ஒரு காலை மட்டும் தூக்கினேன், ஷார்ட் போய்விட்டது.

ரிச்சி தெருவில் 35 வோல்ட் தாங்கும் புதியது வாங்கிப் போட்டேன். விலை ஒரு டீக்காசு. திரையில் பச்சைக் கோடு வந்தபோது பையன் போனை எடுத்து அம்மாவுக்கு வீடியோ காட்டினான்.

இத்தனைக்கும் கைகொடுத்தது சர்வீஸ் மேனுவல். எந்த இடத்தில் எத்தனை வோல்ட், அலை எந்த வடிவத்தில் என்று சர்க்யூட் படத்தோடு அச்சடித்துக் கொடுத்தார்கள். அதே கம்பெனியின் பழைய வால்வ் ஸ்கோப்புகளில் வெள்ளி கலந்த ஈயக்கம்பியை ஒரு சிறு சுருளாக உள்ளேயே வைத்திருப்பார்கள், ரிப்பேர் செய்ய வருபவனுக்காக. இன்று போர்டையே மாற்று என்கிறார்கள். ஆனால் பழசையெல்லாம் காப்பாற்றிவிடலாம் என்றும் சொல்லமாட்டேன். படக்குழாய் செத்தாலோ, கம்பெனி தனக்கென்றே செய்துகொண்ட ஐ.சி. போனாலோ, இன்னொரு செத்த ஸ்கோப்பைத் தேடுவதுதான் வழி.

ஏவோ மீட்டர் கதை சின்னது. ஆம்ப், வோல்ட், ஓம் மூன்றும் சேர்ந்த பெயர். மூன்றுக்கும் தனித்தனிக் கருவி சுமந்து அலுத்துப்போன பிரிட்டிஷ் தபால்துறை இன்ஜினியர் டொனால்டு மெக்காடியின் யோசனை. 1923-இல் பிறந்தது. மாடல் 8 வந்தது 1951-இல், தயாரிப்பு நின்றது 2008-இல். அளவுகோலுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பட்டை உண்டு. முள்ளின் பிம்பம் முள்ளுக்குப் பின்னால் மறையும்வரை தலையைச் சாய்த்துப் படித்தால் அளவு தப்பாது. நண்பரின் மீட்டரில் முள் நன்றாக அசைந்தது. ஓம் மட்டும் செத்திருந்தது. பின்மூடியைத் திறந்தால் உள்ளே மறந்துபோன பேட்டரி கசிந்து, பித்தளைத் தகடு பச்சை பூத்து அரித்துக் கிடந்தது. சுத்தம் செய்து புதுத் தகடு வெட்டிப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அது கேட்கும் 15 வோல்ட் பேட்டரி லேசில் கிடைப்பதில்லை. ரிமோட்டில் போடும் 12 வோல்ட் பேட்டரியோடு இரண்டு 1.5 வோல்ட் பட்டன் செல்களைத் தொடராகச் சேர்த்தேன். முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றது.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் மீட்டர் ஒன்று இருக்கலாம். விற்பதோ வைத்துக்கொள்வதோ அப்புறம். இன்றைக்கே இறக்கி, பின்மூடியைத் திறந்து, பேட்டரியை எடுத்துவிடுங்கள்.